ஒருமுறை மட்டும் வரும் காசு: யாழ்ப்பாணத்தில் சிறுதொழில் ஒன்றைத் தெரிவு செய்வது எப்படி?

கடந்த ஆண்டு வடமராட்சியில் வேறொரு செய்திக்காகச் சந்தித்த அக்கா ஒருவர், பேட்டி முடிந்து நான் மோட்டார் சைக்கிளை எடுக்கப் போகும்போது படலை வரைக்கும் வந்தார். "தங்கச்சி, தம்பி கனடாவில இருந்து எட்டு இலட்சம் அனுப்பியிருக்கிறான். இதுதான் கடைசி, இனிக் கேக்காதையுங்கோ எண்டிட்டான். என்ன தொழில் தொடங்கலாம் எண்டு நீ ஒருக்கா யோசிச்சுச் சொல்லன்" என்றார்.

ஊடகக் கற்கை படித்த எனக்குக் கடைக்கணக்கு என்ன தெரியும் என்று சொல்லிச் சமாளித்துவிட்டு வந்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அக்காவின் கணவர் 2009 மே மாதத்தில் இருந்து இல்லை. இரண்டு பிள்ளைகள், மூத்தவள் உயர்தரம் படிக்கிறாள். அந்த எட்டு இலட்சம் கரைந்தால் அடுத்த எட்டு இலட்சம் வராது.

இதே கேள்வியுடன் பலர் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். அதனால் தொழில் செய்கிறவர்களையும், செய்து விட்டவர்களையும், பிரதேச செயலக உத்தியோகத்தர்களையும் கேட்டு, எங்கள் வீட்டுத் தோல்வியையும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

எந்த வழியால் வந்த காசு?

எங்களிடம் மொத்தமாகக் காசு வரும் வழிகள் சிலதான். வெளிநாட்டு உறவு அனுப்புவது, காணி விற்பது, அரச உத்தியோகத்தரின் ஓய்வுக்காலப் பணிக்கொடை, தனியார் துறையில் வேலை செய்தவரின் ஊழியர் சேமலாப நிதி, கழிவு போகக் கையில் வரும் சீட்டுக் காசு, இழப்பீடு.

2022ஆம் ஆண்டு இதில் ஒரு மாற்றம் வந்தது. 200 ரூபாய்க்குக் கிட்ட இருந்த அமெரிக்க டொலர் அந்த ஆண்டு மார்ச் மாதத்துக்குப் பிறகு சில வாரங்களில் 350 ரூபாயைத் தாண்டியது. வெளிநாட்டில் இருப்பவர் அனுப்பும் அதே தொகை இங்கே ரூபாயில் பெரிய தொகையாகத் தெரிந்தது. ஆனால் சாமான் விலையும் கூடவே ஏறியது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். இலட்சம் என்ற சொல்லின் எடை குறைந்துவிட்டது. பத்து வருடத்துக்கு முன்னர் ஐந்து இலட்சத்தில் கடை போட்டவரின் கதையைக் கேட்டு இன்றைக்கு ஐந்து இலட்சத்துடன் இறங்கக்கூடாது.

இழப்பீட்டுக் காசு வேறு வகை. 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தால் இழப்பீடுகளுக்கான அலுவலகம் உருவானது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு ஒரு இலட்சம் ரூபாய் கொடுக்க 2022 மார்ச்சில் அமைச்சரவை அனுமதி வழங்கியபோது, 2017 பெப்ரவரியில் இருந்து வீதியோரத்தில் போராடிக்கொண்டிருந்த தாய்மார் அதை நிராகரித்தார்கள். நான் மேலே சொன்ன அக்காவும் அந்தக் காசுக்கு விண்ணப்பிக்கவில்லை. "அவருக்கு நான் விலை போடேலாது" என்றார். வாங்கியவர்களும் இருக்கிறார்கள், அவர்களையும் யாரும் குறை சொல்ல முடியாது. அது அவரவர் வீட்டு முடிவு. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: எங்கள் கையில் வரும் காசு பலவேளைகளில் ஒரு இழப்பின் மறுபக்கம். ஒரு மனிதர், ஒரு காணி, அல்லது பனியில் இரட்டை வேலை செய்த ஒரு தம்பியின் உழைப்பு அதற்குள் இருக்கிறது. அதனால்தான் அது கரையும்போது மற்றக் காசு கரைவதைவிடக் கூடுதலாக வலிக்கிறது.

முதல் மூன்று மாதம் தொழில் தொடங்க வேண்டாம்

கேட்ட எல்லோரும் வேறு வேறு சொற்களில் சொன்ன புத்திமதி இது. காசு வந்த கிழமையில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் பிழைக்கிறது. அந்த மூன்று மாதத்தில் செய்யக்கூடியவை:

முதலாவது, கடனை அடையுங்கள். அடகு வைத்த நகையின் வட்டியும் நுண்கடன் தவணையும் ஓடிக்கொண்டிருக்கும்போது புதுத் தொழிலின் இலாபம் அவற்றுக்கே போய்ச் சேரும். வட்டி கூடிய கடனை முடிப்பதே நிச்சயமான முதல் இலாபம்.

இரண்டாவது, மிச்சத்தை வங்கியில் போடுங்கள். மத்திய வங்கியின் அனுமதி பெற்ற வங்கி அல்லது நிதி நிறுவனமா என்று பாருங்கள். அந்த நிறுவனங்களில் உள்ள வைப்புக்குக் காப்புறுதி உண்டு; ஒரு நிறுவனத்தில் ஒரு வைப்பாளருக்கு 11 இலட்சம் ரூபாய் என்ற எல்லை 2021இல் நிர்ணயிக்கப்பட்டது. கூட்டுறவுச் சங்க வைப்பு இந்தத் திட்டத்துக்குள் வராது. சங்கத்தில் போடுவது பிழை என்று இதற்கு அர்த்தம் இல்லை. அந்தச் சங்கத்தின் கணக்கு வருடாவருடம் பரிசோதிக்கப்பட்டு, பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்படுகிறதா என்று நீங்களே கேட்டறிய வேண்டும்.

மூன்றாவது, ஊருக்குச் சொல்லாதீர்கள். காசு வந்த கதை பரவினால் கைமாற்றுக் கேட்பவர் வருவார், பங்குக்குக் கூப்பிடுபவர் வருவார், ஆறு மாதத்தில் இரட்டிப்பாக்கித் தருபவரும் வருவார். ஆள் சேர்த்தால் காசு என்ற பிரமிட் திட்டங்கள் வங்கித்தொழில் சட்டத்தின் 83சீ பிரிவின் கீழ் இலங்கையில் குற்றம். நடத்துவது மட்டுமல்ல, அதில் பங்குபற்றுவதும் குற்றம். கைபேசிச் செயலியாக வந்தாலும், கிரிப்டோ என்ற பெயரில் வந்தாலும், கொண்டு வருபவர் சொந்த மச்சானாக இருந்தாலும் அது பிரமிட்தான்.

எங்கள் வீட்டுக் கொமினிக்கேசன்

2011இல் அப்பாவின் பணிக்கொடை வந்தது. ஏ9 பாதை திறந்து சனம் வந்து போகத் தொடங்கிய காலம். வங்கிகளும் லீசிங் நிறுவனங்களும் யாழ்ப்பாண நகரத்தில் வரிசையாகக் கிளை திறந்தன. எல்லோரும் ஏதோ தொடங்கினார்கள். நாங்களும் எங்கள் சந்தியில் கொமினிக்கேசன் ஒன்று போட்டோம். இரண்டு தொலைபேசிப் பெட்டி, ஒரு போட்டோக் கொப்பி மெஷின், ரீலோட், கொப்பி பேனை, வாசலில் ஒரு பெயர்ப்பலகை.

சண்டைக் காலத்தில் வெளிநாட்டு அழைப்புக்காக வரிசையில் நின்ற ஞாபகத்தில் எடுத்த முடிவு அது. ஆனால் 2011இல் வீட்டுக்கு வீடு கைபேசி வந்துவிட்டது. எங்கள் சந்தியில் ஏற்கெனவே மூன்று கொமினிக்கேசன் இருந்தன. நாங்கள் அதைப் பார்த்து, "மூண்டு கடை ஓடுது எண்டால் வியாபாரம் இருக்குத்தானே" என்று நினைத்தோம். மூன்றும் இழுபட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்கவில்லை. போட்டோக் கொப்பி மெஷின் பழையது. திருத்த ஆள் வவுனியாவில் இருந்து வரவேண்டும். பள்ளிக்கூட விடுமுறையில் கொப்பி எடுக்க ஆளில்லை. பதினான்கு மாதத்தில் பூட்டினோம். அப்பா அதற்குப் பிறகு அந்தச் சந்தியால் போகாமல் சுற்றுப் பாதையால் சந்தைக்குப் போனார். நட்டத்தை அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

இன்று திரும்பிப் பார்க்கும்போது பிழை தெளிவாகத் தெரிகிறது. எங்களுக்குத் தெரிந்த தொழிலையும் நாங்கள் தொடங்கவில்லை, எங்கள் தெருவுக்கு அன்று தேவைப்பட்டதையும் தொடங்கவில்லை. கண்ணில் பட்டதைத் தொடங்கினோம்.

தேவையைக் கண்டுபிடிப்பது

இதில் எங்களுக்கு முன்னனுபவம் இல்லாமல் இல்லை. 1990இல் இருந்து பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தை நினைத்துப் பாருங்கள். பெற்றோல் இல்லை என்றவுடன் சில துளி பெற்றோலில் இயந்திரத்தைக் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மின்சாரம் இல்லாத வீடுகளில் ஜாம் போத்தல் விளக்கு எரிந்தது. சைக்கிள் டைனமோவில் வானொலி பாடியது. சைக்கிள் திருத்துபவரும், சைக்கிளில் பாரம் ஏற்றுபவரும், போத்தல் கணக்கில் மண்ணெண்ணெய் விற்றவரும் அந்த வருமானத்தில் பிள்ளைகளை வளர்த்தார்கள். யாரும் அவர்களுக்குத் தொழில் முனைவோர் பயிற்சி கொடுக்கவில்லை. தெருவில் எது இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவ்வளவுதான்.

இன்றைக்கு எது இல்லை? ஒரு கொப்பி எடுத்து இரண்டு கிழமைக்கு எழுதிப் பாருங்கள். உங்கள் ஒழுங்கையில் இருப்பவர்கள் எதற்காக நெல்லியடிக்கோ சுன்னாகத்துக்கோ திருநெல்வேலிக்கோ போகிறார்கள்? எதைச் செய்ய ஆள் கிடைக்கவில்லை என்று குறைப்படுகிறார்கள்? எதற்குக் காசைக் கையோடு கொடுக்கிறார்கள், எதைக் கொப்பியில் எழுதச் சொல்கிறார்கள்? கடைசிக் கேள்வி முக்கியம். கடன் சொல்லி வாங்கும் பொருளை விற்பதும் காசு கொடுத்து வாங்கும் பொருளை விற்பதும் ஒரே தொழில் அல்ல.

ஒவ்வொரு தொழிலிலும் காசு எப்போது திரும்பும்?

எங்களில் பலர் இலாபம் எவ்வளவு என்று மட்டும் கேட்கிறோம். போட்ட காசு எத்தனை நாளில் கைக்குத் திரும்பும், வருடத்தில் எந்த மாதம் வராது என்பதை முதலில் கேட்க வேண்டும். வழமையாகப் பேசப்படும் தொழில்களை அந்தக் கண்ணோடு பார்ப்போம்.

*பலசரக்குக் கடை.* எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. தினமும் காசு புரளும். ஆனால் இலாப விகிதம் சிறியது, கொப்பிக் கடன் பெரியது. தெரிந்தவர்களுக்குத்தான் விற்கிறோம், தெரிந்தவர்களிடம்தான் கடனைக் கேட்கவும் வேண்டும். குளிர்சாதனப் பெட்டி வைத்தால் மின்கட்டணத்தைக் கணக்கில் சேருங்கள். 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் ஏறிய வேகத்தில் பல சிறுகடைகளில் பெட்டி அணைந்தது. பிறகு கட்டணம் குறைந்தாலும், ஒரே இரவில் ஏறக்கூடிய செலவு அது என்பதை மறக்கக்கூடாது.

*தையல்.* போருக்குப் பிந்திய வாழ்வாதார உதவிகளில் அதிகம் கொடுக்கப்பட்டவற்றில் ஒன்று தையல் மெஷின். ஒரே கிராமத்தில் பத்து மெஷின் இருந்தால் பத்துப் பேருக்கும் வேலை வராது. சாதாரண சட்டைக்கு ஆயத்த ஆடையுடன் போட்டி போட முடியாது. சாறிச் சட்டை, பாடசாலைச் சீருடை, அளவு மாற்றித் தைப்பது, திருமண உடுப்பு இவற்றுக்கு இன்றும் ஆள் தேடுகிறார்கள். தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, நல்லூர்த் திருவிழா, தீபாவளி, ஜனவரிப் பாடசாலைத் தொடக்கம் என்று வேலை குவியும்; கலியாணம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் திருமண உடுப்பு வேலை குறையும்.

*கோழி, ஆடு, மாடு.* முட்டைக் கோழி முட்டையிடத் தொடங்க ஏறத்தாழ ஐந்து மாதம் வேண்டும். அதுவரை தீன் செலவு மட்டும்தான். தீன் விலை சோள விலையோடு ஏறி இறங்கும். ஒரு நோய் வந்தால் ஒரு கிழமையில் கூடு வெறுமையாகும். ஆடு மெதுவாகப் பெருகும், ஆனால் அவசரத்துக்கு உடனே விற்கலாம். அந்த வகையில் அது வங்கி மாதிரி. மாட்டுக்குப் புல்லும் தண்ணீரும் உங்கள் காணியில் உண்டா என்பதுதான் முதற் கேள்வி. ஊர்க் கால்நடை வைத்தியரைக் கேட்காமல் எதையும் வாங்க வேண்டாம்.

*ஓட்டோ.* 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய ஓட்டோவும் பொன்விலைக்குப் போனது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டது. விலை அசையும் காலத்தில் கூடிய விலைக்கு, அதுவும் லீசிங்கில் வாங்குவது ஆபத்து. முதலில் ஒருவரின் ஓட்டோவை நாள்வாடகைக்கு எடுத்து மூன்று மாதம் ஓடிப் பாருங்கள்.

*சின்ன வெங்காயமும் தோட்டமும்.* தோட்டக்காரருக்குச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தகுதி இல்லை. ஆனால் தோட்டம் செய்யாதவர் மொத்தக் காசையும் ஒரு போகத்தில் போடக்கூடாது. அறுவடை நேரத்தில் இறக்குமதி வெங்காயம் வந்திறங்கினால் விலை விழும். 2021இல் ஒரே அறிவித்தலில் இரசாயனப் பசளை நிறுத்தப்பட்டதைக் கண்டோம். விதை வெங்காயம், கூலி, தண்ணீர் இறைப்பு எல்லாம் முதலிலேயே போய்விடும். விலை மட்டும் கடைசியில் தெரியும்.

*மீன்பிடி.* வலையில் காசைப் போடுகிறவர் கடலை மட்டும் நம்பினால் போதாது. இந்திய இழுவைமடிப் படகுகள் ஓர் இரவில் வலையை அறுத்துக்கொண்டு போன கதை வடமராட்சி முதல் தீவகம் வரை கேட்கலாம். கரையில் இருந்து செய்யும் கருவாடு, நண்டு வாங்கிக் கொடுத்தல் போன்றவற்றுக்கு முதல் குறைவு, ஆபத்தும் குறைவு.

*பனைப் பொருட்கள்.* பனங்கட்டி, ஒடியல், புழுக்கொடியல், பினாட்டு, பன்ன வேலை. எங்கள் மண்ணுக்கே உரிய பொருட்கள். வெளிநாட்டில் இருந்து வருவோர் விரும்பி வாங்குகிறார்கள். பிரச்சினை பருவம்தான். பழம் விழும் காலம், கிழங்கு கிண்டும் காலம், கருப்பநீர் இறக்கும் காலம் என்று வருடம் துண்டு துண்டாக இருக்கிறது. மூலப்பொருளைப் பருவத்தில் வாங்கி வைக்க முதலும் இடமும் வேண்டும். மரம் ஏறுபவரும் குறைந்துவிட்டார்கள். 1978இல் தொடங்கிய பனை அபிவிருத்திச் சபையும், பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்களும், கைதடியில் உள்ள பனை ஆராய்ச்சி நிறுவனமும் யாழ்ப்பாணத்திலேயே இருக்கின்றன. இறங்குமுன் அங்கே போய்ப் பேசுங்கள்.

*மாவும் தூளும் சாப்பாடும்.* வறுத்த அரிசிமா, மிளகாய்த்தூள், மோர்மிளகாய், வடகம், பருத்தித்துறை வடை. மா, தூள் பக்குவமாகச் செய்தால் பல கிழமைகள் இருக்கும். இடியப்பம், பிட்டு அன்றன்றே போகும். காசும் அன்றன்றே வரும். சமைக்கத் தெரிந்தவருக்கு மெஷின் வாங்கும் முன்பே தொடங்கக்கூடிய தொழில் இது. கைராசி மட்டும் போதாது. ஒவ்வொரு நாளும் ஒரே சுவை வேண்டும்.

ஒரு கணக்கு

கீழே உள்ளவை விளக்குவதற்காக நான் போட்ட எண்கள். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

ஒரு சிறு கடையில் நாளொன்றுக்கு 15,000 ரூபாய் விற்பனை. சராசரி இலாபம் பத்து வீதம் என்றால் 1,500 ரூபாய். முப்பது நாளுக்கு 45,000. கடை வாடகை 15,000, மின்சாரம் 8,000, ஏற்றிறக்கும் கூலி 4,000, பழுதாகிப் போவது 3,000, திரும்பி வராத கொப்பிக் கடன் 5,000. மொத்தம் 35,000. மிச்சம் 10,000. காலை ஆறு மணிக்குத் திறந்து இரவு எட்டு மணிக்குப் பூட்டினால் மாதம் 420 மணித்தியாலம். மணித்தியாலத்துக்கு 24 ரூபாயும் இல்லை.

இதே கடை சொந்தக் காணியில், வீட்டு முன்பக்கத்தில் இருந்தால் வாடகை இல்லை, மிச்சம் 25,000. ஒரு செலவு கதையையே மாற்றுகிறது. அதனால்தான் கணக்கு எழுதாமல் தொழில் பார்க்கக்கூடாது. உங்கள் உழைப்புக்கு ஒரு நாட்கூலி போட்டு, அதையும் செலவில் எழுதுங்கள். அதற்கு மேலே வருவதுதான் இலாபம்.

காசை எப்படிப் பிரிப்பது?

நெல்லியடியில் முப்பது வருடமாக வியாபாரம் செய்யும் ஐயா ஒருவர் சொன்ன முறை எனக்குப் பிடித்தது. கடன் அடைத்த பிறகு மிஞ்சியதை நான்காகப் பிரிக்க வேண்டும். ஒரு பங்கில் தொழிலைச் சின்னதாகத் தொடங்குவது. ஒரு பங்கு, அந்தத் தொழில் ஆறு மாதம் ஓடிய பிறகு அதை வளர்க்க. ஒரு பங்கு, தொழிலில் வருமானம் வராத மாதங்களில் வீட்டுச் சாப்பாட்டுக்கு. கடைசிப் பங்கைத் தொடவே கூடாது. அது வருத்தத்துக்கும் பிள்ளையின் படிப்புக்கும். "முதல் பங்கு போனால் பாடம். நாலும் போனால் வீடு" என்றார் அவர்.

பலர் இதற்கு நேர்மாறாகச் செய்கிறோம். கையில் உள்ள எல்லாவற்றையும் கட்டடத்திலும் பெயர்ப்பலகையிலும் மெஷினிலும் போட்டுவிட்டு, சாமான் வாங்கக் கடன் எடுக்கிறோம். அந்த இடத்தில்தான் நுண்கடன் நுழைகிறது. 2018இல் ஐ.நா. சுயாதீன நிபுணர் இலங்கைக்கு வந்தபோது 220 வீதம் வரை வட்டி கட்டிய பெண்களின் கதையைப் பதிவு செய்தார். அதே ஆண்டு அரசாங்கம் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பெண்களின் நிலுவைக் கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தது. வட்டிக்கு 35 வீத உச்சவரம்பும் வந்தது. இதெல்லாம் பலர் உயிரை மாய்த்த பிறகு வந்தவை. கிழமைக் கிழமை வாசலுக்கு வந்து தவணை வாங்கும் கடனை, பருவத்துக்கு ஒருமுறை காசு வரும் தொழிலுக்கு எடுக்கவே கூடாது. குழுவில் மற்றவருக்குப் பிணை நிற்பதும் கடன்தான். வங்கிக் கடனுக்குப் பிணை வைத்தால் அது கடன் தகவல் பணியகத்தில் உங்கள் பெயரிலும் தெரியும்.

பதிவும் அனுமதியும்

சொந்தப் பெயர் அல்லாத ஒரு பெயரில் தொழில் செய்தால் அந்த வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிய வேண்டும். கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், அடையாள அட்டைப் பிரதி, கட்டடம் யாருடையது என்பதற்கான ஆவணம் கேட்பார்கள். உணவு, சிகையலங்காரம் போன்ற தொழில்களுக்குப் பிரதேச சபை அல்லது நகர சபையின் வருடாந்த அனுமதிப்பத்திரம் தேவை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பார். அவர் வந்து குறை சொன்ன பிறகு சமையலறையை இடிப்பதைவிட, கட்டுமுன் அவரிடம் கேட்பது மலிவு. பொதி செய்து விற்கும் உணவில் பொருளின் பெயர், சேர்மானங்கள், நிறை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தயாரிப்பவரின் முகவரி, விலை இருக்க வேண்டும். அரைக்கும் ஆலை, சத்தம் அல்லது கழிவு உள்ள தொழில் என்றால் சுற்றாடல் அனுமதி தேவையா என்று பிரதேச சபையில் முதலே கேளுங்கள்.

பதிவு வெறும் தொல்லை அல்ல. பதிவு இருந்தால்தான் தொழிலின் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கலாம், கண்காட்சியில் இடம் கேட்கலாம், பெரிய கடைக்குப் பொருள் கொடுக்கலாம்.

ஆலோசனைக்குக் காசு கட்ட வேண்டியதில்லை. பிரதேச செயலகத்தில் சிறுதொழில் முயற்சி அபிவிருத்தி உத்தியோகத்தர், மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர், விதாதா வள நிலைய உத்தியோகத்தர் இருக்கிறார்கள். கைத்தொழில் அபிவிருத்திச் சபையின் மாவட்ட அலுவலகமும் யாழ்ப்பாணத்தில் உண்டு; அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டை அந்தச் சபையினுடையது. எல்லா உத்தியோகத்தரும் ஒரே மாதிரி இல்லை. ஆனால் ஒரே கிராமத்தில் ஏற்கெனவே எத்தனை பேர் அதே தொழிலுக்கு வந்து போனார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். அதை மட்டுமாவது கேளுங்கள்.

அக்கா என்ன செய்தார்?

நான் மூன்று மாதம் கழித்து அவரிடம் போனபோது, கடை போடும் யோசனையை விட்டிருந்தார். அடகில் இருந்த தாலிக்கொடியை மீட்டிருந்தார். கொப்பியில் எழுதச் சொன்னதைச் சிரத்தையாக எழுதியும் வைத்திருந்தார்.

அவரது வீட்டைச் சுற்றி இரண்டு ஒழுங்கைகளில், பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில் இருக்க, தனியே வாழும் முதியவர்களின் வீடுகள் பதினொன்று. பெரிய வீடு, பெரிய கேற், உள்ளே ஒரு அம்மாவோ அப்பாவோ. காசு இருக்கிறது, சமைக்கப் பலம் இல்லை. கடைச் சாப்பாடு உறைப்பு. சீனி வருத்தக்காரருக்கு ஒத்துவராது. "இவ்வளவு நாளும் இது என்ர கண்ணுக்குத் தெரியேல்லை. நான்தான் சும்மா போய் வந்து ரசம் வச்சுக் குடுத்திட்டு வாறனான்" என்று சிரித்தார்.

சமையலறையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குக் காட்டி, அறுபதாயிரம் ரூபாயில் தொடங்கினார். சட்டி பானை, அடுக்குச் சாப்பாட்டுப் பெட்டிகள், இன்னொரு எரிவாயுச் சிலிண்டர், மகனின் சைக்கிளுக்கு முன்கூடை. மத்தியானம் சோறும் மூன்று கறியும், பின்னேரம் இடியப்பம் அல்லது பிட்டு. யாருக்கு உப்புக் குறைவு, யாருக்கு மாச்சாப்பாடு கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார். காசு மாதத் தொடக்கத்திலேயே பிள்ளைகளிடம் இருந்து அவரது வங்கிக் கணக்குக்கு வருகிறது. கொப்பிக் கடன் இல்லை. நான்கு வீட்டில் தொடங்கி இப்போது ஒன்பது வீடு. எரிவாயு விலை ஏறிய மாதம் இலாபம் இல்லை என்றும் சொன்னார். பிறகு பகல் சமையலை விறகடுப்புக்கு மாற்றிக்கொண்டார். இருபது வீடு கேட்டாலும் தன்னால் முடியாது என்கிறார். அதற்கு ஆள் வைக்க வேண்டும். அது அடுத்த வருட யோசனை.

எட்டு இலட்சத்தில் பெரும்பகுதி இன்னும் வங்கியில் இருக்கிறது. அந்தக் கணக்குப் புத்தகத்தை அவர் சாமியறையில், கணவரின் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். படத்துக்கு மாலை போடவில்லை.

புறப்படும்போது வழமைபோலப் படலை வரைக்கும் வந்தார். நேரம் பதினொன்றரை. "நில்லாத தங்கச்சி, அந்தக் கடைசி வீட்டு அம்மாவுக்குப் பன்னிரண்டுக்கு முதல் சாப்பாடு போகோணும், மருந்து எடுக்கிறவ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.